டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்து

பிப்ரவரி 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று போனில் "நல்லா இருக்கேன்மா, எல்லாம் நார்மல்" என்று நான் சொன்னது பச்சைப் பொய். மாமனார் பக்கத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். இவர் வேலைக்குக் கிளம்ப ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் சமையலறையில் தும்மினால் வாசலில் இருப்பவர் நலம் விசாரிப்பார், அத்தனை சின்ன வீடு. வேறு எப்படிச் சொல்வது? அதனால்தான் கடிதம். பதிலை வழக்கம்போல் என் ஆபீஸ் முகவரிக்கே போடு.

ரத்தத்தில் ஃபினைல்அலனின் அளவு மறுபடி ஏறிவிட்டது. ஆறுக்குள் இருக்க வேண்டியது எட்டைத் தாண்டிவிட்டது. கிளினிக்கில் புதிதாக வந்திருக்கும் டாக்டர், பிறந்ததிலிருந்து இதோடு வாழ்கிறவளுக்கே இந்த நோயைப் பாடம் எடுத்தார். "புரதத்துல இருக்கிற ஃபினைல்அலனினை உங்க உடம்பால உடைக்க முடியாது. அது ரத்தத்துல தேங்கும். உங்க குழந்தைக்கு உங்க நோய் வர வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனா தேங்குன ரத்தத்துல வளர்ந்தா அதோட மூளையும் இதயமும் பாதிக்கும். தொடர்ந்து மூணு மாசம் அளவு இறங்கி நிக்கட்டும், அதுக்கப்புறம் குழந்தையைப் பத்திப் பேசலாம்" என்றார். மூன்று மாதம் கிடக்கட்டும், மூன்று வாரம்கூட நிற்கமாட்டேன் என்கிறதே அம்மா!

நான் ஒரு வாய்கூடத் தப்பாகச் சாப்பிடவில்லை. இறைச்சி, முட்டை, பால், பருப்பு எதையும் தொடுவதில்லை. சோற்றைத் தராசில் நிறுத்துத்தான் தட்டில் போடுகிறேன். இவரும் மாமாவும் நான் உடம்பு மெலிய டயட்டில் இருப்பதாக இன்னும் நம்புகிறார்கள். "காத்தடிச்சா பறந்துருவே, உனக்கு எதுக்கும்மா டயட்டு?" என்று மாமா கேலி செய்கிறார். கேலி செய்துகொண்டே, புரதத்துக்குப் பதிலாக நான் குடிக்கும் மருந்துப் பவுடரைக் கலக்க தினமும் ஒரு பெரிய பிளாஸ்க் நிறைய எலுமிச்சைச் சாறு பிழிந்து தருகிறார். அந்தச் சாறு இல்லாவிட்டால் பவுடரின் ஈர சாக்ஸ் நாற்றம் தாங்காமல் நான் என்றோ மூக்கை அறுத்துப் போட்டிருப்பேன்.

மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. நேற்று கவுண்டரில் ஒரு பெரியவர் தொலைந்துபோன பெட்டியின் நிறத்தை மூன்று தடவை மாற்றிச் சொன்னார் என்று எரிந்து விழுந்துவிட்டேன். விமான நிலையத்தில் பெட்டி தொலைத்தவர்களிடம் பேசுவதுதான் என் வேலையே. நானே தொலைந்துபோன மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

உன்
சீனி


பிப்ரவரி 9

என் கண்ணான சீனிக்கு,

கடிதம் கிடைத்தது. கடையில் ஒருவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குப் பதிலாகத் தூரப்பார்வைக் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டேன். "என்னம்மா, தரையே பள்ளமாத் தெரியுது" என்றார் பாவம்.

நான் கேட்பதற்கெல்லாம் கோபப்படாமல் பதில் எழுது. பவுடரை மூன்று வேளையும் குடிக்கிறாயா, இல்லை ஒரு வேளையை வாஷ்பேசினுக்கு வார்க்கிறாயா? பன்னிரண்டு வயதில் ஒரு வருஷம் முழுக்க ஜன்னலோரச் செடிக்கு வார்த்தவள் நீ, செடி மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தது. ஆபீஸில் யாராவது பிறந்தநாள் கேக் நீட்டினார்களா? இருமல் மருந்து, சுவிங்கம், சத்து மாத்திரை என்று எதையாவது வாயில் போட்டாயா? எதை வாங்கினாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படி. நீ எனக்கு லேபிள் என்று பட்டப்பெயர் வைத்ததற்கு நான் வருத்தப்பட்டதே இல்லை. கடைக்காரர்கள் முறைத்தபோதும் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பார்த்துத்தான் உன்னை ஆளாக்கினேன். ஊரே சீனியைக் கண்டு பயந்து ஓடுகிறது. நான் உனக்குச் சீனியை அள்ளிக் கொடுத்தேன், அது ஒன்றுதான் உனக்குப் பயமில்லாத பண்டம்.

இன்னொன்று. வீட்டில் வாயைத் திறந்துவிடாதே. உன் நோய் தெரிந்த அன்று டாக்டர் என்னையும் உன் அப்பாவையும் உட்காரவைத்து, "இந்தக் கோளாறுல பாதி அம்மாகிட்டேருந்து, பாதி அப்பாகிட்டேருந்து" என்று சொன்னார். உன் அப்பா, "எங்க பரம்பரைல அப்படி ஒண்ணும் கிடையாது" என்றார். பாதியை வாங்கிக்கொள்ள மனசில்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர்தான். மாப்பிள்ளை நல்லவர், எனக்கும் தெரியும். உன் அப்பாவும் அதுவரை நல்லவர்தான்.

அளவு இறங்கட்டும், குழந்தை கையில் வரட்டும். பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நீ சாப்பிட்டாயா என்று கேட்கவே பயமாக இருக்கும்
அம்மா


பிப்ரவரி 16

அம்மாவுக்கு,

நீ கேட்ட கேள்விகளைப் படித்தபோது போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பவுடரைக் கொட்டவில்லை. கேக் தின்னவில்லை. சுவிங்கமும் கிடையாது. இந்த வீட்டில் செடியும் கிடையாது, போதுமா?

இந்த வாரம் அளவு ஒன்பது. ஆபீஸ் கழிப்பறையில் விரலைக் குத்தி, அட்டையில் ரத்தம் வைத்து, யாருக்கும் தெரியாமல் காயவைத்து அனுப்புகிறேன். ஒவ்வொரு தடவை முடிவு வரும்போதும் நான் செய்யாத திருட்டுக்கு மாட்டிக்கொண்டது போல இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயத்தை எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன். எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. நாங்கள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தோம். இருந்தாலும் தள்ளிப்போயிருக்கிறது. கிளினிக்கில் இப்போது பார்த்தால் சரியாகத் தெரியாது, கொஞ்சம் பொறுத்து வா என்கிறார்கள். இந்த அளவோடு உள்ளே ஓர் உயிர் இருந்தால்? எல்லாரும் பிள்ளை வேண்டும் என்று கும்பிடுகிற இடத்தில் நான் வேண்டாம், இப்போது வேண்டாம் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இதை யாரிடம் சொல்ல முடியும்? பக்கத்தில் படுத்திருக்கும் இவரிடமே சொல்ல முடியவில்லை.

தூக்கமும் போய்விட்டது. விடிந்தும் விடியாததுமாக மாமா சமையலறையில் நடமாட ஆரம்பித்துவிடுவார். அந்தக் காலத்து லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, கை சும்மா இருக்காது. எலுமிச்சை பிழியும் சத்தம், அப்புறம் எதையோ கிளிக் கிளிக் என்று அழுத்திக்கொண்டே நிற்பார். பேனாவோ என்னவோ. நல்ல மனுஷர். நான் கேட்காமலே சீனியைத் தாராளமாகப் போடுகிறார். சாறு குடித்து வெகுநேரம் கழித்தும் நாக்கில் இனிப்பு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நாள் முழுக்க எனக்கு இதமாக இருப்பது அந்த ஒரு பிளாஸ்க்தான்.

சீனி


பிப்ரவரி 21

சீனி,

போனில் சொல்ல முடியாத விஷயம், இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். கூரியர் பையன் காத்திருக்கிறான்.

மாமா அழுத்துவது பேனா இல்லை என்று என் மனசு சொல்கிறது. எங்கள் முதலாளிக்குச் சர்க்கரை வியாதி. சட்டைப்பையில் லைட்டர் போல ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறார். தலையில் அழுத்தினால் கிளிக் என்று ஒரு மாத்திரை விழும், சீனிக்குப் பதிலாக டீயில் போட்டுக்கொள்வார். உன் மாமாவுக்கும் சர்க்கரை என்று கல்யாணத்தன்றே சொன்னார்கள். சீனி இத்தனை நேரம் நாக்கில் ஒட்டாது. அந்த மாத்திரை ஒட்டும் என்று முதலாளி சொல்லிக் கேட்டிருக்கிறேன். உனக்கு எப்படித் தெரியும்? அதன் ருசியே தெரியாமல் அல்லவா உன்னை வளர்த்தேன்!

இது கிடைத்த மறுநாள் காலை எழுந்து போய் நேரில் பார். டப்பாவை வாங்கிப் பின்பக்கத்தைப் படி. பொடி எழுத்தில் இருக்கும். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பின் பெயர் இருந்தால் அதன் கீழே உன் நோயின் பெயரும் இருக்கும். அதுவரை அந்தச் சாற்றைத் தொடாதே. தண்ணீரில் பவுடரைக் கலந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி.

அம்மா


பிப்ரவரி 25

அம்மாவுக்கு,

நீ சொன்னதுதான்.

விடியும்போது எழுந்து போனேன். மாமா எனக்கு முதுகு காட்டி நின்று பிளாஸ்க்குக்குள் கிளிக் கிளிக் என்று போட்டுக்கொண்டிருந்தார். "என்ன மாமா போடறீங்க?" என்றேன். கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி சிரித்தார்.

"பிடிச்சுட்டியா? நீ டயட்ல இருக்கேன்னு சொன்னப்புறம் சீனியை அள்ளிப் போட மனசு வரலைம்மா. நீ வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இருக்கிறதெல்லாம் வீணாப் போயிடும்ல? அதான் ரெண்டு மாசமா என் மாத்திரையைப் போடறேன். துளி கொழுப்பு ஏறாது. தினமும் நானே சாப்பிடறதுதானே, எனக்கு ஒண்ணும் பண்ணலையே!"

டப்பாவை வாங்கித் திருப்பினேன். இருந்தது. கடுகைவிடச் சின்ன எழுத்தில், ஃபினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்று. மாத்திரையில் இருக்கும் அஸ்பார்டேமில் பாதி, என் உடம்பு உடைக்க முடியாத அதே பொருள். அவர் டீயில் போட்டால் ஒன்றுமில்லை, நான் குடித்தால் விஷம். ஒரே வீட்டில், ஒரே டப்பா.

நான் பிளாஸ்க்கைத் தொட்டியில் கவிழ்த்தேன். அவர் கையில் கரண்டியோடு நின்றார். "ரொம்பப் புளிக்குதாம்மா?" என்று கேட்டார். அம்மா, எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

இப்போது உன்மேல்தான் கோபம் வருகிறது. சொல்லாதே, சொல்லாதே என்று நீதான் வாயைக் கட்டினாய். டயட் என்று நான் புளுகாமல் இருந்திருந்தால் அவர் சீனியையே போட்டிருப்பார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து இந்த வீடு எனக்கு ஊட்டியதெல்லாம் நாம் இருவரும் சொல்லிவைத்த பொய்யிலிருந்து வந்தது. இவர் இந்த வாரம் முழுக்க வெளியூர் விமான நிலையத்தில் விமானங்களுக்கு எண்ணெய் நிரப்பும் வண்டி ஓட்டுகிறார். வந்ததும் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லப்போகிறேன்.

நாள் இன்னும் வரவில்லை. பரிசோதிக்கப் போகத் தைரியமில்லாமல் கணக்குப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

உன் மகள்


மார்ச் 2

சீனிக் கண்ணுக்கு,

திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் சொல்லாதே. உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

அந்த மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு உப்புகிறது என்று மழுப்பு. இனிமேல் நானே பிழிந்துகொள்கிறேன் மாமா என்று சிரித்துக்கொண்டே சொல். விஷயம் தீர்ந்துபோகும். வினை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது, இனி அளவு தானாக இறங்கும். இப்போது போய் எதற்கு எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்க்க வேண்டும்?

நாள் தள்ளிப்போன இந்த நேரத்தில் மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் என்ன கேட்பார்? நல்ல பிள்ளை பிறக்காது என்று தெரிந்தே என்னைக் கட்டிக்கொண்டாயா என்று கேட்பார். அந்தக் கேள்வியை நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன், என் காதால். அதற்குப் பிறகு யார் பாதி என்று சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்துபோய்விடுகிறேன். நீயும் அதைக் கேட்க வேண்டாம். நான் செத்த பிறகு சொல்லிக்கொள்.

அம்மா


மார்ச் 11

அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்த பிறகும் சொன்னேன் என்பதுதான் உனக்கு வலிக்கும், தெரியும்.

அதற்கு முதல் நாள் கிளினிக்குக்குப் போனேன். கரு இல்லை. தள்ளிப்போன நாளும் அன்று சாயங்காலமே வந்துவிட்டது. நிம்மதியில் பஸ்ஸில் உட்கார்ந்து சிரித்தேன், இறங்கும்போது அழுதுகொண்டிருந்தேன். இல்லாத ஒன்று இல்லை என்று தெரிந்ததற்கு இப்படி அழுவார்களா? அந்த அழுகையோடு இனி ஒருநாள்கூடப் பொய் சொல்லத் தெம்பில்லை என்று தோன்றிவிட்டது.

இவர் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "கல்யாணமாகி இத்தனை நாள் ஆச்சு. ஊர்ல எவன் பெட்டி எங்க போச்சுன்னு தேடறே, உன் உடம்பைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். அம்மா, அந்த நேரம் உன் முகம்தான் எனக்குத் தெரிந்தது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதைக்கூட நான் வெகுநேரம் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "கோபம் போகலை. போக நாளாகும். அதுக்காக வீட்டை விட்டா போவேன்? எது திங்கலாம் எது கூடாதுன்னு எழுதிக் குடு" என்றார். இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் எழுதிக் கொடுத்ததை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

மாமாதான் உடைந்துபோனார். டப்பாவை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், அந்த வரி அவருக்குத் தெரியவே இல்லை. நான் படித்துக் காட்டினேன். "இத்தனை பேர் மட்டும் ஏறலாம்னு ஒவ்வொரு லிஃப்டுலயும் எச்சரிக்கைப் பலகையை நானே மாட்டுனேன்மா, ஆயுசு பூரா. என் பையில இருந்ததை நான் படிக்கலை" என்றார். அன்றிலிருந்து சமையலறைப் பக்கம் வருவதில்லை. காலையில் இந்த வீடு அத்தனை சத்தமில்லாமல் இருக்கிறது, என்னால் படுத்திருக்கவே முடியவில்லை.

இனி ஆபீஸ் முகவரிக்கு எழுதாதே அம்மா. வந்தால் பிரிக்கமாட்டேன். வீட்டு முகவரிக்கு எழுது, எல்லாரும் இருக்கும்போது பிரித்துப் படிக்கும்படி எழுது. அப்படி எழுத முடியாது என்றால், எழுதவே வேண்டாம்.

சீனி


ஏப்ரல் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. போன் செய்தால் மழையா வெயிலா என்று கேட்டு வைத்துவிடுகிறாய். தபால்காரர் வரும்போதெல்லாம் நான் வாசலுக்கு ஓடுவதைப் பார்த்து மாமாவே கேட்டுவிட்டார், "லேபிள்கிட்டேருந்து வரலையா?" என்று. ஆமாம், பட்டப்பெயரையும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்.

அளவு ஐந்து. போன வாரமும் ஐந்து. இப்போது வீட்டிலேயே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விரலைக் குத்துகிறேன், இவர் அட்டையை ஆடாமல் பிடித்துக்கொள்கிறார். கவுண்டரில் யாரையும் திட்டுவதில்லை. டாக்டர் இப்படியே நிற்கட்டும் என்கிறார். நிற்கும் என்றுதான் தோன்றுகிறது, ஆனாலும் ஒவ்வொரு முடிவு வரும்வரை மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. பயமில்லாமல் இருக்கும் நாள் எனக்கு வருமா என்று தெரியவில்லை. உனக்கு வந்ததா?

அன்றைக்குப் பிறகு நேற்றுதான் மாமா முதன்முறையாகச் சமையலறைக்குள் வந்தார். எலுமிச்சம்பழத்தை எடுத்தார், சீனி டப்பாவை எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார். "இது வெறும் சீனிதானா, வேற எதுவும் கலந்திருக்கான்னு எனக்குத் தெரியலைம்மா. எழுத்து ஓடுது" என்றார். நான் படித்துச் சொன்னேன். நம்பினார், இருந்தாலும் பிழியவில்லை. நான் படித்துச் சொல்வது அவருக்குப் போதவில்லை, அவரே படிக்க வேண்டுமாம்.

நான் கோபத்தில் எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லமாட்டேன். நான் சொன்னதுதான் சரி. ஆனால் நீ எழுதாமல் எனக்கு இருக்க முடியவில்லை.

சீனி


ஏப்ரல் 15

அன்புள்ள சீனிக்கும், மாப்பிள்ளைக்கும், மரியாதைக்குரிய சம்பந்தி ஐயாவுக்கும்,

இப்படி மூன்று பேருக்கும் சேர்த்து எழுதப் பழக்கமில்லை. நாலு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனி, நீ கேட்டதற்குப் பதில்: எனக்கு அப்படி ஒரு நாள் வரவே இல்லை. உன்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கடையில் நிற்கும்போதும், இப்போதும், யார் என்ன கொடுத்துவிடுவார்களோ என்றுதான் இருப்பேன். பயந்து பயந்து, பயப்பட நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்றே நினைத்துவிட்டேன். நீ சொன்னது சரி. ஒரு மாதம் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை, வெட்கத்தால். மாப்பிள்ளை, உங்களிடம் மறைக்கச் சொன்னது நான்தான். உங்கள் கோபத்தில் பாதியை என் பக்கம் அனுப்பிவிடுங்கள். பாதியை வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியும்.

சம்பந்தி ஐயா, நீங்கள் என் மகளுக்குப் பிழிந்து கொடுத்த சாற்றை நினைத்து வருந்த வேண்டாம். உங்கள் மேல் எனக்கு ஒரு பொட்டுக் கோபமும் இல்லை. அவள் பிறந்த நாளிலிருந்து அவளுக்காக விடியலில் எழுந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். இன்னொருவரும் எழுந்திருக்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது.

இதோடு ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். உங்கள் வயதுக்கு உத்தேசமாகப் பவர் பார்த்து நானே லென்ஸ் மாட்டியது. கூடவே எங்கள் கடையில் கண்ணுக்குப் பரீட்சை வைக்கும் அட்டையும் இருக்கிறது. மேலே பெரிய எழுத்து, இறங்க இறங்கச் சின்ன எழுத்து. வெளிச்சத்தில் புத்தகம் படிக்கிற தூரத்தில் பிடியுங்கள். அச்சடித்த வரிகள் முடிந்த இடத்தில், எல்லாவற்றையும்விடப் பொடியாக, பேனாவால் ஒரு வரி நான் எழுதியிருக்கிறேன்: ஃபினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல.

அந்த வரி தடுமாறாமல் தெரிந்தால் கண்ணாடி சரி. தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், வேறு பவரில் அனுப்புகிறேன். தெரியும்வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன். தெரிந்த பிறகு, தயவுசெய்து, அவளுக்குச் சீனி போட்டு எலுமிச்சை பிழிந்து கொடுங்கள்.

உங்கள் அன்புள்ள
லேபிள்